லினக்ஸ்ல சாஃப்ட்வேர் விக்கப் போறீங்களா? பேப்பர் வேலையை முதல்ல ஆரம்பிங்க

நான் பண்ணது ஒரு சின்ன டூல் தான். தெர்மல் பிரிண்டர்ல பார்கோடு லேபிள் அடிக்கிறதுக்கு. திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க அட்டைப்பெட்டி மேல ஒட்டுற ஸ்டிக்கர் இருக்குல்ல, அந்த சமாச்சாரம். விண்டோஸ்ல இதுக்கு ஏகப்பட்டது இருக்கு, லினக்ஸ்ங்கற இலவச ஓஎஸ்ல எனக்கு தோதா ஒண்ணும் அமையல, சரி நாமளே எழுதி வித்துப் பாப்போம்னு உக்காந்தேன். கோடு எழுத நாலு மாசம் ஆச்சு. கோடு முடிஞ்சதுக்கு அப்புறம் முதல் காசு என் பேங்க்ல விழ அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசத்துல பாதிக்கு மேல நான் எதையோ யாருக்கோ அனுப்பிட்டு பதில் வருமான்னு காத்துக்கிட்டு இருந்த நேரம், அதை உங்களுக்கு மிச்சம் பண்ணத்தான் இதை எழுதறேன்.

இந்தியாவுல இருந்து தனி ஆளா விக்கிறவங்களுக்கான வழி இது. கம்பெனி ஆரம்பிச்சவங்களுக்கு கொஞ்சம் மாறும், அங்கங்க சொல்றேன்.

1. வாங்க ஆள் இருக்கான்னு பாருங்க

"லினக்ஸ்காரன் காசு குடுக்க மாட்டான்"னு நூறு பேர் சொல்வாங்க. ரீப்பர்னு ஒரு ஆடியோ சாஃப்ட்வேர், தனி ஆளுக்கு 60 டாலர், லினக்ஸ்ல ஓடுது. கோடு எழுதற எடிட்டர் சப்ளைம் டெக்ஸ்ட் 99 டாலர். மியூசிக் பண்ற பிட்விக் ஸ்டூடியோ 2014-ல முதல் வெர்ஷன் வந்தப்பவே லினக்ஸ்லயும் வந்துச்சு. வீடியோ எடிட் பண்ற டாவின்சி ரிசால்வ் இன்னும் சுவாரசியம்: லினக்ஸ் ஃப்ரீ வெர்ஷன்ல எச்.264 வீடியோ திறக்காது, ஸ்டூடியோ வெர்ஷனை காசு குடுத்து வாங்கினா தான் திறக்கும், அதுக்காகவே வாங்கறவங்க இருக்காங்க. சினிமா விஎஃப்எக்ஸ் பக்கம் போனா ஹூடினி, நியூக், மாயா எல்லாம் லினக்ஸ்ல ஓடுறது தான், பெரிய ஸ்டூடியோக்கள் பல வருஷமா அதுல தான் வேலை பாக்குறாங்க.

இதுல நான் புரிஞ்சுக்கிட்டது, லினக்ஸ்ல வேலை நடந்தே ஆகணும்னு இருக்கறவன் காசு குடுப்பான், பொழுதுபோக்குக்கு இன்ஸ்டால் பண்ணவன் குடுக்க மாட்டான். டெக்ஸ்ட் எடிட்டர், மியூசிக் பிளேயர், நோட்ஸ் ஆப் இதெல்லாம் நல்லதாவே ஃப்ரீயா கிடைக்குது, அந்தப் பக்கம் போகாதீங்க. ஏதாவது ஹார்ட்வேர், ஏதாவது தொழில், ஒருத்தன் வேலை நேரத்துல மாட்டிக்கிட்டு முழிக்கிற இடம், அங்க போங்க. என்கிட்ட வாங்கறவங்கள்ல பாதிக்கு மேல ஜெர்மனிக்காரங்க, சின்ன சின்ன குடோன் வச்சிருக்கறவங்க. நான் திருப்பூரை மனசுல வச்சு எழுதினேன், திருப்பூர்ல இருந்து இதுவரைக்கும் ரெண்டே பேர்.

2. லைப்ரரி லைசென்ஸைப் பாருங்க, கோடு எழுதறதுக்கு முன்னாடி

இது தான் என்னை மூணு வாரம் பின்னாடி தள்ளுச்சு. நான் பைத்தான்ல பைக்யூடின்னு ஒரு லைப்ரரி (ஸ்கிரீன், பட்டன் எல்லாம் வரைய அடுத்தவங்க எழுதி வச்ச கோடு) வச்சு முழுசா எழுதி முடிச்சுட்டேன். அப்புறம் தான் பாக்கறேன், பைக்யூடி ஒண்ணு ஜிபிஎல் (வாங்கறவனுக்கு நம்ம சோர்ஸ் கோடையும் குடுக்கணும்ங்கற லைசென்ஸ்), இல்லன்னா காசு குடுத்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கணும். கோடை மூடி வச்சு விக்கணும்னா ஜிபிஎல் சரிப்படாது. கடைசியில எல்லாத்தையும் பைசைட்6-க்கு மாத்தினேன், அது எல்ஜிபிஎல், நம்ம கோடை மூடி வச்சுக்க விடற லைசென்ஸ். பேர் மாத்தறது தான் பாதி வேலை, ஆனா மீதி பாதி இருக்கே, அது தூங்க விடல.

எல்ஜிபிஎல்ன்னா சும்மா விட்டுடலாம்னு நினைக்காதீங்க. பைசைட்6-க்கு அடியில இருக்கற க்யூடி லைப்ரரியை தனி ஃபைலா வைக்கணும், வாங்கறவன் வேணும்னா அதை எடுத்துட்டு வேற பதிப்பு போட்டுக்கற மாதிரி இருக்கணும், லைசென்ஸ் உரையை கூட சேர்த்து குடுக்கணும். அதனால பைத்தான் கோடை அப்படியே ஓடற மாதிரி கட்டித் தர்ற பைஇன்ஸ்டாலர்ல ஒரே ஃபைலா அமுக்கறதை விட ஃபோல்டரா விடற முறையைத் தான் நான் எடுத்துக்கிட்டேன். பைஇன்ஸ்டாலரும் ஜிபிஎல் தான், ஆனா அதுல விதிவிலக்கு எழுதியிருக்காங்க, மூடின சாஃப்ட்வேருக்கும் பயன்படுத்தலாம், பயப்பட வேண்டாம்.

வழக்கமா மாட்டிக்கிற இடங்கள்: க்யூடிக்குள்ளயே சில மாட்யூல் ஜிபிஎல் மட்டும் தான், ஒவ்வொண்ணா பாருங்க. வீடியோவுக்கான எஃப்எஃப்எம்பெக் சாதாரணமா எல்ஜிபிஎல், எக்ஸ்264 சேர்த்து கம்பைல் பண்ணீங்கன்னா ஜிபிஎல் ஆயிடும். ரீட்லைன் ஜிபிஎல். ஜிடிகே எல்ஜிபிஎல். எலக்ட்ரான் எம்ஐடி லைசென்ஸ், தொல்லையே இல்ல, மெமரியைத் தான் தின்னும்.

இன்னொரு வழியும் இருக்கு. ஜிபிஎல்லா இருந்தா விக்கக் கூடாதுன்னு எந்த சட்டமும் இல்ல. ஆர்டர்னு ஆடியோ ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், முழு சோர்ஸும் ஜிபிஎல், ஆனா அவங்க தளத்துல ரெடியா கம்பைல் பண்ண, அப்படியே ஓடற பைனரி வேணும்னா காசு. கம்பைல் பண்ற சோம்பேறித்தனத்துக்குத் தான் விலை. உங்க ஆளுங்க மியூசிக்காரங்க, டாக்டருங்க மாதிரி கம்பைல் பண்ணத் தெரியாதவங்கன்னா இது நல்லாவே எடுபடும்.

3. பேப்பர் வேலை (லைசென்ஸ் முடிவானதும் அன்னைக்கே ஆரம்பிங்க)

முதல்ல இனிஷியல். சிரிக்காதீங்க, நமக்கு மட்டும் வர்ற வியாதி இது. பேங்க்ல என் பேர் முன்னாடி ஒரு இனிஷியல், பான் கார்டுல அப்பா பேர் முழுசா பின்னாடி, பாஸ்போர்ட்ல சர்நேம் கிவன்நேம்னு ரெண்டா பிரிச்சு, ஆதார்ல இனிஷியல் பின்னாடி. வெளிநாட்டு பேமென்ட் கம்பெனியில உக்காந்து செக் பண்றவனுக்கு இது நாலு வேற வேற மனுஷன். எனக்கு மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. கடைசியா பேங்க்ல போய் பான்ல இருக்கற மாதிரி பேரை மாத்திக்கிட்டேன், அதுக்கு மட்டும் 16 நாள். நீங்க இன்னைக்கே நாலு கார்டையும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, பானும் பேங்க்கும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும்.

அப்புறம் உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது சிறுதொழில்னு அரசாங்கத்துல பதிவு பண்றது. ஆதார், பான் இருந்தா ஆன்லைன்ல அன்னைக்கே முடிஞ்சிடும், கட்டணம் எதுவும் கிடையாது. உத்யம்னு கூகுள்ல தேடினா காசு கேக்கற போலித் தளங்கள் வரிசையா வரும், அரசாங்கத் தளத்துக்கு மட்டும் போங்க. இந்த சர்டிஃபிகேட் இருந்தா கரன்ட் அக்கவுன்ட் திறக்கறது சுலபம். மினிமம் பேலன்ஸ் பேங்குக்கு பேங்க் ரொம்ப மாறும், கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

ஜிஎஸ்டி. சர்வீஸுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டற வரைக்கும் ரெஜிஸ்டர் பண்ணத் தேவையில்ல. ஆரம்பத்துல எடுக்காதீங்கன்னு தான் சொல்வேன். எடுத்துட்டா வியாபாரம் இல்லாத மாசத்துக்கும் ரிட்டர்ன் போடணும், மறந்தா நில் ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபா ஃபைன் ஏறும். நான் ஆர்வக்கோளாறுல எடுத்துட்டேன். எடுத்தா வாடகை ஒப்பந்தம், ஈபி பில், வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட என்ஓசி (ஆட்சேபனை இல்லைங்கற கடிதம்), கேன்சல்டு செக் இதெல்லாம் கேப்பாங்க, கட்டணம் இல்ல. என் ஓனர் என்ஓசி குடுக்க ஒரு வாரம் யோசிச்சார், ஏதோ வீட்டை எழுதி வாங்கற மாதிரி.

ஜிஎஸ்டி எடுத்தவங்க எல்யுடிங்கற உறுதிமொழிக் கடிதத்தை மறக்காதீங்க. வெளிநாட்டுக்கு விக்கிறது எக்ஸ்போர்ட், வரி பூஜ்யம், ஆனா எல்யுடி போட்டா தான் வரி கட்டாம அனுப்ப முடியும். ஜிஎஸ்டி போர்ட்டல்லயே ஆர்எஃப்டி-11 ஃபாரம், ரெண்டு சாட்சி பேர் அட்ரஸ் கேக்கும், காசு கிடையாது, பத்து நிமிஷ வேலை. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதுசா போடணும். ஏப்ரல் 1-ஐ போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க.

4. காசு எப்படி உள்ள வரும்

இங்க தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. நேரா ஒரு பேமென்ட் கேட்வே போட்டு ஜெர்மனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டா, அந்த விற்பனைக்கு ஜெர்மனி வாட் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி வரி) 19 சதவீதம் யார் கட்டறது? ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து டிஜிட்டல் பொருளை தனி ஆளுங்களுக்கு விக்கிறவனுக்கு, இவ்வளவுக்கு மேல வித்தா தான் வரின்னு ஒரு வரம்பே கிடையாது, முதல் விற்பனையிலேர்ந்தே வாட் உண்டு. ஹங்கேரிக்காரன் வாங்கினா 27 சதவீதம். இதை நம்ம ஆடிட்டர்கிட்ட கேட்டா அவர் நம்மள ஒரு மாதிரி பாப்பார்.

அதனால மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டுன்னு சொல்ற சர்வீஸ் எடுங்க. பேடில், லெமன் ஸ்க்வீஸி, கம்ரோடு மாதிரி. சட்டப்படி விக்கிறது அவங்க, வரி வாங்கறதும் கட்டறதும் அவங்க, நமக்கு மீதிக் காசு. பேடில் 5 சதவீதம் பிளஸ் 50 சென்ட் எடுப்பாங்க, 20 டாலருக்கு வித்தா ஒன்றரை டாலர் போயிடும். கம்ரோடு 10 சதவீதம் பிளஸ் 50 சென்ட். கணக்கு போட்டுப் பாத்தீங்கன்னா 5 டாலர் 6 டாலர் சாஃப்ட்வேருக்கு அந்த 50 சென்ட் தான் கடிக்கும், அதனாலயும் விலையை ரொம்ப கீழ வைக்காதீங்க.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி உங்க தளம் முழுசா இருக்கணும்: விலைப் பக்கம், டெர்ம்ஸ், பிரைவசி, ரீஃபண்டு பாலிசி, கீழ உங்க பேர். நான் "விரைவில்"னு போட்ட ஒரே பக்கத்தோட அப்ளை பண்ணேன், ஒரு கம்பெனி காரணம் கூட சொல்லாம ரிஜெக்ட் பண்ணுச்சு, திரும்ப எடுத்துக்க ஒரு மாசம் மெயில் மெயிலா அனுப்பினேன். டொமைனுக்கு வருஷம் ஆயிரம் சொச்சம் தான், முதல்ல அதை வாங்கி நாலு பக்கம் எழுதிட்டு போங்க.

பேபால் வைக்கலாமான்னு கேப்பீங்க. வைக்கலாம், இந்தியாவுல வெளிநாட்டுக் காசு வாங்கறதுக்கு மட்டும் தான், உள்ளூர் பேமென்ட்டை 2021 ஏப்ரல்ல நிறுத்திட்டாங்க. ஆனா வாட் தலைவலி உங்க தலையில. ஸ்ட்ரைப் 2024-லேர்ந்து இந்தியாவுல புதுசா சேரணும்னா இன்வைட் வேணும், அதை நம்பி பிளான் போடாதீங்க.

காசு பேங்குக்கு வர்றப்போ பர்ப்பஸ் கோடு, அதாவது எதுக்காக வந்த காசுன்னு காட்டற நம்பர் கேப்பாங்க. சாஃப்ட்வேர் எக்ஸ்போர்ட்டுக்கு பி0807, சாஃப்ட்வேர் கன்சல்டன்சின்னா பி0802. என் முதல் பேமென்ட் வந்தப்போ என் பிராஞ்சுக்கு இது என்ன காசுன்னே தெரியல, ஒன்பது நாள் அப்படியே நிறுத்தி வச்சிருந்தாங்க, நான் தினமும் மதியம் லன்ச் முடியற நேரம் போய் நிப்பேன். நீங்க முன்னாடியே ஃபாரெக்ஸ் பாக்கற பிராஞ்ச் எதுன்னு கேட்டு, அக்ரிமென்ட் காப்பியும் இன்வாய்ஸும் குடுத்து வச்சிடுங்க. ஒவ்வொரு வரவுக்கும் எஃப்ஐஆர்ஏ (வெளிநாட்டுக் காசு வந்ததுக்கு பேங்க் தர்ற அத்தாட்சி) கேட்டு வாங்கி ஒரு ஃபோல்டர்ல போடுங்க, எக்ஸ்போர்ட் பண்ணதுக்கு அது தான் சாட்சி.

கேம் எழுதறவங்களுக்கு ஸ்டீம்னு ஆன்லைன் கேம் கடை. ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணும், 1000 டாலர் வித்தா அது திரும்ப வந்துடும். கட்டின நாள்லேர்ந்து 30 நாள் கழிச்சு தான் ரிலீஸ் பண்ண முடியும், ஸ்டோர் பக்கம் ரெண்டு வாரமாவது "விரைவில்"னு நிக்கணும், 30 சதவீதம் அவங்களுக்கு. அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8பென் ஃபாரம்ல பான் நம்பர் போட்டா அமெரிக்க விற்பனைக்கு பிடிக்கற வரி 30-லேர்ந்து 15 சதவீதம் ஆகும், கம்பெனியா இருந்தா அதே ஃபாரம்ல இ-ன்னு முடியற இன்னொண்ணு. அப்புறம் ஒண்ணு, அவங்க விக்கிற கையடக்க கேம் மெஷின் ஸ்டீம் டெக் லினக்ஸ் தான், ஆனா விண்டோஸ் கேமே புரோட்டான்ங்கற அவங்க டூல் வழியா அதுல ஓடிடுது, அதனால தனி லினக்ஸ் பில்டு கட்டாயம் இல்ல. டெக்ல ஒழுங்கா ஓடுதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

5. பேக்கேஜிங்

லினக்ஸ்ல உபுண்டு, டெபியன், ரெட் ஹாட்னு பல வகை, டிஸ்ட்ரோன்னு சொல்வாங்க. நான் உபுண்டு 22.04-ல பில்டு பண்ணேன், என் மெஷின்ல பட்டு மாதிரி ஓடுச்சு. டெபியன் 11-ல ஒருத்தர் டிரை பண்ணா "ஜிலிப்சி 2.35 காணோம்"னு செத்துடுச்சு. ஜிலிப்சிங்கறது புரோகிராமுங்க ஓட லினக்ஸ்ல இருக்கற அடிப்படை லைப்ரரி, டெபியன் 11-ல இருக்கறது 2.31. பழைய ஜிலிப்சில பில்டு பண்ணது புதுசுல ஓடும், புதுசுல பண்ணது பழசுல ஓடாது. அதனால எந்த டிஸ்ட்ரோ வரைக்கும் ஓடும்னு வாக்கு குடுக்கறீங்களோ அதுல ரொம்பப் பழசை ஒரு கன்டெய்னர்ல (உங்க மெஷினுக்குள்ளயே தனியா ஓடற குட்டி லினக்ஸ்) போட்டு அங்க பில்டு பண்ணுங்க. ரெட் ஹாட் 8 குடும்பம்னா 2.28, உபுண்டு 24.04-ன்னா 2.39. நீங்க இழுக்கற பைத்தான் லைப்ரரிங்களுக்கும் தனியா ஒரு கீழ் வரம்பு இருக்கும், அதையும் பாக்கணும்.

எந்த ஃபார்மட்? நான் டெப் (உபுண்டு, டெபியனுக்கான இன்ஸ்டால் ஃபைல்), ஆப்இமேஜ் (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற ஒரே ஃபைல்) ரெண்டு மட்டும் குடுக்கறேன். ஆப்இமேஜ்ல ஒரு பொறி: நிறைய ஆப்இமேஜ் ஓட ஃப்யூஸ் 2-ங்கற லைப்ரரி வேணும், உபுண்டு 22.04-லேர்ந்து அது முன்கூட்டியே இருக்காது, 24.04-ல அந்த பேக்கேஜ் பேரே மாறிடுச்சு. டபுள் கிளிக் பண்ணா ஒண்ணுமே நடக்காது, எரர் கூட வராது, கஸ்டமர் "உங்க சாஃப்ட்வேர் ஓடல, காசைத் திருப்பு"ன்னு மெயில் போடுவார். டவுன்லோடு பட்டனுக்குப் பக்கத்துலயே இதை எழுதி வைங்க.

ஃபிளாட்ஹப்ங்கற லினக்ஸ் ஆப் ஸ்டோர்ல போடலாம், இலவசம், மூடின சாஃப்ட்வேரையும் சேர்த்துக்கறாங்க. அங்க காசு வாங்கற வசதி இல்ல, அதனால டிரையல் வெர்ஷனை அங்க வச்சுட்டு லைசென்ஸ் கீயை உங்க தளத்துல விக்கணும். எனக்கு அது ஒத்து வரல, காரணம் என் டூல் யுஎஸ்பி பிரிண்டருக்கு நேரா கமாண்ட் அனுப்புது, அங்க ஆப்பை அடைச்சு வைக்கற சாண்ட்பாக்ஸ் உள்ள இருந்து அது படுத்தின பாடு சொல்லி மாளாது. கப்ஸ் (லினக்ஸோட பிரிண்டிங் சிஸ்டம்) வழியா சாதாரணமா பிரிண்ட் பண்றதுன்னா பிரச்சனை இல்ல. டெப்லயும் யூசர் எல்பி குரூப்ல (பிரிண்டரைத் தொட அனுமதி இருக்கறவங்க) இல்லன்னா பிரிண்டர் திறக்காது, இன்ஸ்டால் ஆனதும் முதல் ஸ்கிரீன்லயே அதை செக் பண்ணி சொல்ற மாதிரி எழுதிட்டேன், சப்போர்ட் மெயில் பாதியா குறைஞ்சுது.

6. லைசென்ஸ் கீ

ரொம்ப கெட்டியா பூட்டு போடாதீங்க. நான் மெஷின்-ஐடியோட கீயை கட்டி வச்சேன். லினக்ஸ்காரங்க மாசம் ஒரு டிஸ்ட்ரோ மாத்தறவங்க, ஓஎஸ் மறுபடி போட்டா மெஷின்-ஐடி மாறிடும், கீ செத்துடும், ஞாயித்துக்கிழமை காலையில இட்லியோட உக்காந்து கீ ரீசெட் பண்ணிக்கிட்டு இருந்தேன். இப்போ பேரையும் மெயிலையும் எட்25519-ங்கற டிஜிட்டல் கையெழுத்து போட்டு ஒரு ஃபைலா குடுத்துடறேன், நெட் இல்லாமலே சரி பாத்துக்கும், எத்தனை மெஷின்ல வேணா போட்டுக்கட்டும். திருடறவன் எப்படியும் திருடுவான். குடோன்ல நெட் இல்லாத கம்ப்யூட்டர் வச்சிருக்கற நல்ல கஸ்டமரை அதுக்காக ஏன் அடிக்கணும்.

7. விலையும் வாக்கும்

நான் 9 டாலர்ல ஆரம்பிச்சேன், பயத்துல. அப்புறம் 29 ஆக்கினேன், விக்கிற எண்ணிக்கை குறையவே இல்ல, கேள்வி கேட்டு உயிரை எடுக்கறவங்க தான் குறைஞ்சாங்க. சந்தாவா வைக்காம ஒரு தடவை விலை, ஒரு வருஷ அப்டேட், அதுக்கு அப்புறமும் இருக்கற வெர்ஷன் ஓடும்னு வைங்க, இந்தக் கூட்டத்துக்கு அது தான் பிடிக்கும்.

எந்த டிஸ்ட்ரோவுக்கு சப்போர்ட்னு விலைக்குப் பக்கத்துலயே எழுதுங்க. என்னோடது: கடைசி ரெண்டு உபுண்டு எல்டிஎஸ் (பல வருஷம் அப்டேட் வர்ற வெர்ஷன்), இப்போதைய டெபியன் ஸ்டேபிள். மத்ததுல ஓடலாம், ஓடலன்னா 30 நாளுக்குள்ள காசு வாபஸ், ஆனா சரி பண்ணித் தரேன்னு சொல்ல மாட்டேன். ஃபெடோரா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுசா வருது, தனி ஆளா அதைத் துரத்தினா மூச்சு வாங்கும். லினக்ஸ்ல ஸ்கிரீனைக் காட்டற சிஸ்டம் வேலாண்ட், எக்ஸ்11 ரெண்டுலயும் ஒரு தடவை திறந்து பாத்துடுங்க, 125 சதவீதம் ஸ்கேலிங் வச்சும் பாருங்க, எனக்கு லேபிள் பிரிவியூ மங்கலா வந்துச்சு.

8. ரிலீஸுக்கு அப்புறம்

ஆர்ச்ங்கற டிஸ்ட்ரோவோட யூசர்ஸ் உங்ககிட்ட கேக்காமலே உங்க டெப்பை எடுத்து ஏயூஆர்ங்கற அவங்க பொதுத் தளத்துல போட்டுடுவாங்க. கோவப்படாதீங்க, சம்பளம் இல்லாம பேக்கேஜ் பண்ணித் தர்றாங்க. ஆனா அவங்க ஸ்கிரிப்ட்ல உங்க ஃபைலோட செக்சம் (ஃபைல் மாறியிருக்கான்னு காட்டற நம்பர்) எழுதியிருக்கும். நான் ஒரு எழுத்துப்பிழையை திருத்திட்டு வெர்ஷன் நம்பர் மாத்தாம அதே பேர்ல ஃபைலை மாத்தி வச்சேன், சின்ன விஷயம் தானேன்னு. அன்னைக்கு ராத்திரி "உங்க சர்வரை யாரோ ஹேக் பண்ணிட்டாங்களா"ன்னு ஏழு மெயில். எழுத்துப்பிழையா இருந்தாலும் புது வெர்ஷன் நம்பர், புது ஃபைல் பேர், பழைய லிங்க்கையும் அழிக்காம வைங்க.

முதல் பேஅவுட் எப்போ வரும்னு கேட்டா, இது சர்வீஸுக்கு சர்வீஸ் மாறும், பேடில் மாதிரி மாசத்துக்கு ஒரு தடவை தான் அனுப்பறதும் உண்டு, 100 டாலர் மாதிரி ஒரு வரம்பு சேரணும். அப்படின்னா மாச ஆரம்பத்துல விக்க ஆரம்பிச்சா அடுத்த மாசம் நடுவுல தான் கையில காசு, பேங்க் நிறுத்தி வச்சா அதுக்கும் மேல. ரிலீஸ் பண்ற மாசம் வீட்டு வாடகைக்கு இதை நம்பாதீங்க, நான் நம்பினேன், ஓனர் என்ஓசியைத் திருப்பிக் கேட்டார்.